பெட்டி ‘சுரீர்’ என்றால் குற்றம் கருவியுடையதா?

பள்ளியின் கண்காணிப்புப் படக்கருவி அடிக்கடி அணைந்து எழுகிறதா? “கருவி மட்டம், புதியது வாங்குங்கள்” என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மறுபடியும் நன்கொடை திரட்டும். புதிய கருவியும் அடுத்த மழைக்காலத்தில் படுத்துவிடும். இந்த வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பல வேளைகளில் பழுது இருப்பது கருவியில் அன்று, நில இணைப்பில். பேச்சு வழக்கில் ‘எர்த்’ என்கிறோமே, அதில்.

ஒரே வடத்தில் தரவையும் மின்சாரத்தையும் அனுப்பும் ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ முறைக்கு 2003இல் தரம் வகுத்தார்கள். அன்று ஒரு முனைக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை. தரத்தைப் பின்பற்றும் சுவிட்ச், மறுமுனையில் 25 கிலோ ஓம் அளவிலான தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஏறத்தாழ 48 வோல்ட்டைத் திறந்துவிடும். 1,500 வோல்ட்டைத் தாங்கும் மின்காப்பும் வேண்டும் என்பது விதி. மலிவான 24 வோல்ட் ‘பாசிவ்’ இன்ஜெக்டரோ எதையும் சோதிக்காமல் மின்சாரத்தைத் தள்ளும். அதன் எதிர்முனை நில இணைப்போடு சேர்ந்திருந்து, கருவியின் உலோக உடலும் அதே முனையோடு சேர்ந்து கூரை இரும்பில் திருகப்பட்டிருந்தால், மின்னோட்டத்துக்கு இரண்டாவது வழி பிறந்துவிடும்.

“கவசமிட்ட வடமே உயர்ந்தது” என்பது விற்பனையாளர் மந்திரம். ஒரே கட்டடத்துக்குள் சரி. இரு கட்டடங்களுக்கிடையே அதை இழுத்தால், இரண்டின் நில மின்னழுத்தமும் வேறுபடும்போது அந்தக் கவசமே மின்னோட்டப் பாதையாகிவிடும். அருகில் இடி விழுந்தால் வேறுபாடு எவ்வளவு உயரும் என்று சொல்லவும் வேண்டுமோ? நம் நாட்டில் இடிக்கா பஞ்சம்! கட்டடங்களுக்கிடையே ஒளியிழை வடம் போடுங்கள். மறுகட்டடத்தில் சிறிய சுவிட்ச் ஒன்றை அங்குள்ள மின்சாரத்திலேயே இயக்குங்கள்.

இவை பணம் கரைக்கும் பிழைகள். அடுத்தது உயிர்ப் பிழை. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதும், துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகுவதும் நம்மிடையே சாதாரணம். எர்த் அறுந்த சுவிட்ச்சின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது. அதன் இரைச்சல் வடிப்பானிலுள்ள மின்தேக்கிகள் பெட்டியை மின்வழங்கலின் பாதி அழுத்தத்துக்கு, ஏறத்தாழ 115 வோல்ட்டுக்கு, ஏற்றிவிடுகின்றன. கசிவு சிறிதுதான். ஆனால் உள்ளே காப்பு உடைந்தால் 230 வோல்ட்டும் பெட்டியில் நிற்கும். திரும்பும் வழி இல்லாததால் 13 ஆம்பியர் உருகியும் உருகாது. அந்தப் பெட்டி கணினிக்கூடத்தில் மாணவர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது, ஐயா!

பழுது பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. துளையின் எர்த் தொடர்ச்சியை அளக்க வேண்டும். வடத்தைக் கழற்றி, அதன் கவசத்துக்கும் அங்குள்ள எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் பார்க்க வேண்டும். கவசமற்ற வடத்தைத் தற்காலிகமாக மாட்டியதும் கோளாறு மறைந்தால், குற்றவாளி கவச மின்னோட்டம்தான். இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யட்டும். ஆசிரியர் கைவைக்க வேண்டா.

பெற்றோர்களே, அடுத்த விலைப்புள்ளி கூட்டத்துக்கு வரும்போது இவ்வளவுகளை எழுத்தில் கேளுங்கள். அவை இல்லாமல் புதிய கருவிக்குப் பணம் ஒதுக்க ஒப்பாதீர்கள்.