ரத்தத்துல உப்பு இருக்கு சாமியோவ்!

மக்களே, "ஒரு சொட்டு ரத்தம், அஞ்சே நிமிஷம், ரிசல்ட் கையில்"னு ஒரு செய்தி வந்தா, நம்ம பதிவர்கள் சிலர் உடனே அதைத் தமிழ்ல மாத்திப் போட்டுடறாங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த அஞ்சு நிமிஷத்தை எங்கேருந்து எண்ணினீங்க? ஊசி குத்தினப்பவா, கரண்ட்டை ஆன் பண்ணினப்பவா?

மொதல்ல மேட்டரைச் சொல்லிடறேன். 1971-ல் வந்த எலைசா சோதனை இன்னைக்கும் லேப்ல ஓடுது. குட்டிக் கிண்ணத்தோட சுவத்துல ஆன்டிபாடியை ஒட்ட வெச்சிருப்பாங்க. நாம தேடுற புரதம் தானா அலைஞ்சு திரிஞ்சு அங்கே வந்து மாட்டணும். ஆன்டிபாடி சைஸ்ல ஒரு புரதம், கலக்காம விட்ட தண்ணியில 1 மில்லிமீட்டர் போக சுமார் 3 மணி நேரம் ஆகும். ஆனா 10 மைக்ரோமீட்டர் போக சுமார் 1 விநாடி போதும். தூரம் நூறு மடங்கு குறைஞ்சா நேரம் பத்தாயிரம் மடங்கு குறையும்.

அதனால ஆன்டிபாடியை மைக்ரோ மணிகள் மேல ஒட்டி திரவம் முழுக்கத் தூவிடறாங்க. அந்த மணிகள் தானா நகர்ந்தா ரொம்ப ஸ்லோ. அவற்றை ஒண்ணு சேர்க்கத்தான் மின்புலம். இடத்துக்கு இடம் மாறுபடற மின்புலத்துல துகள்கள் இழுபடறதுக்கு டைஎலக்ட்ரோஃபோரெசிஸ்னு 1951-ல் பேர் வெச்சவர் ஹெர்பர்ட் போல். புலத்தைக் கொடுத்தா மணிகள் முத்துமாலை மாதிரி கோத்துக்கும். எடுத்துட்டா, நடுவுல புரதம் பிடிச்ச மணிகள் மட்டும் ஒட்டியே நிக்கும், மத்ததெல்லாம் கலைஞ்சிடும். அருமையான இயற்பியல், அதுல சண்டையே இல்லை.

சண்டை உப்பைப் பத்தி. ரத்தமும் சீரமும் நல்லா கரண்ட்டைக் கடத்தும். புலத்தை ஏத்தினா திரவம் சூடாகும், புரதம் கெட்டுப் போகும். அதுக்காக சாம்பிளை உப்பு கம்மியான திரவத்துல கலக்கிடறாங்க. பத்து மடங்கு கலக்கினா, தேடுற புரதமும் பத்துல ஒண்ணாயிடும். உப்பு குறைஞ்சா ஆன்டிபாடி ஒட்டற விதமே மாறும். இதெல்லாம் அந்த "அஞ்சு நிமிஷ"த்துல வராதாம். கல்யாண சமையலை நாலே நிமிஷத்துல முடிச்சேன்னு சொல்லி, பந்தி பரிமாறின நேரத்தை மட்டும் காட்டற கதை!

"பதினஞ்சு நிமிஷத்துல சொல்ற ஸ்ட்ரிப் இருக்கே, கரண்ட்டே வேணாமே"ன்னு கேக்கறவங்களோடவும் நான் ஒத்துப்போகலை. கர்ப்பம் பார்க்க அது போதும். நெஞ்சு வலியோட வந்தவருக்கு ட்ரோபோனின் துளியூண்டு கூடியிருக்கான்னு பார்க்க கண்ணால பார்க்கற கோடு பத்தாது. அதனாலதான் 1 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கற முறை இருக்கு. அங்கே நிமிஷம்னா உசுரு. அந்த இடத்துல தண்ணி கலந்த கணக்கு காட்டறதுதான் எனக்கு ஆத்திரம்.

நிஜ சீரத்துலயே மல்லுக்கட்டறவங்களும் இருக்காங்க. உப்புத் திரவத்துல மணிகள் வலுவான புலத்தை விட்டு விலகும். அந்த விலகலையே பயன்படுத்தறாங்க. வர்ற சூட்டையே வெச்சு திரவத்தைக் கலக்கறவங்களும் உண்டு. அவங்களுக்கு ஒரு சலாம்.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தியைப் பதிவா போடறதுக்கு முன்னாடி ரெண்டே நம்பர் தேடுங்கப்பு: ஊசியிலேருந்து விடை வரைக்கும் எத்தனை நிமிஷம்? சாம்பிளை எத்தனை மடங்கு கலக்கினாங்க? ரெண்டும் இல்லைன்னா அது அறிவியல் செய்தி இல்லை, விளம்பரம்.

டிஸ்கி: மின்புலத்துக்கு நான் எதிரி இல்லை. ஸ்டாப்வாட்ச்சை லேட்டா அமுக்கறவங்களுக்குத்தான். கும்மறவங்க வரிசையா வாங்க :-)