யார் நிறுத்தாமல் விட்டது?

ஆடி பிறந்ததும் எங்கள் வீடுகளிலிருந்து அமைதி விடைபெற்றுக்கொள்கிறது. சோழகக் காற்று முற்றத்துப் புழுதியை வீட்டினுள் கொண்டுவந்து சேர்க்கிறது. கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே போகிறது. கனடாவிலும் இலண்டனிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை கிடைத்துவிடுவதால், நெடுநாள் காணாத உறவுகள் பெரிய பெட்டிகளோடு வந்திறங்குகின்றனர். பங்குத் திருவிழா, முதல் நன்மை, ஆவணித் திருமணங்கள் என்று ஒன்று முடியுமுன் மற்றொன்று வாசலில் வந்து நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடு அன்னையின் பெருவிழா. கூடாரத் துணி, பாய், சட்டி பானை, அரிசி, தேங்காய் என்று ஒரு வீட்டையே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு சென்று, காட்டு மர நிழலில் சில நாட்கள் குடியிருந்து திரும்பவேண்டும்.

வீட்டுப் பொருள்களும் பழுதாவதற்கு இந்தக் காலத்தையே தெரிந்தெடுக்கின்றன போலும். விருந்தினர் பந்தியில் அமர்ந்த வேளை பார்த்து எரிவாயு தீர்ந்துவிடுகிறது. பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது. சோறு அடிப்பிடிக்கிறது. அலுமாரித் திறப்பு காணாமற் போகிறது. இவற்றுள் எதுவும் பெரிய இழப்பன்று. ஆயினும் ஒரு பங்குத்தந்தையிடம் முறையிட வரும் கணவன் மனைவியரின் கதையைப் பொறுமையோடு பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு போனால், பல வேளைகளில் அது இத்தகைய ஓர் அற்பப் பொருளிலேயே போய் முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கொன்றில் நிகழ்ந்ததை, உரியவர்களின் இசைவோடு இங்கே எழுதுகிறேன். திருவிழா நவநாள்கள் நடந்துகொண்டிருந்த வாரம். அவ்வீட்டுக் கணவர் திருவிழாக் குழுவில் முன்னின்று உழைப்பவர். வீட்டிலோ வெளிநாட்டிலிருந்து வந்த தமக்கையின் குடும்பத்தினர் ஐவர் தங்கியிருந்தனர். ஒருநாள் மாலை அவர் தொட்டியை நிரப்புவதற்காகக் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு, "நிறைஞ்சதும் நிப்பாட்டும்" என்று குசினிப் பக்கமாகக் குரல் கொடுத்துவிட்டு, கொடி கட்டுவதற்காக ஆலயத்துக்குப் புறப்பட்டார். குசினியில் பத்துப் பேருக்குக் கறி தாளித்துக்கொண்டிருந்த மனைவியின் காதில் அக்குரல் விழவில்லை. கோடையில் எங்கள் கிணறுகள் ஊறுவதற்கு நேரம் எடுக்கும். தொட்டி நிறையுமுன்னரே கிணறு இறைபட்டுப் போயிற்று. நீரின்றி வெறுமனே சுழன்ற மோட்டர் சூடேறி, அதன் கொயில் எரிந்தது. குளியலறையில் தமக்கையின் மகன் சவர்க்கார நுரையோடு நின்றுகொண்டு, ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டுக் கத்தினான்.

இரவு வீடு திரும்பிய கணவரின் முதற் கேள்வி, "ஆர் நிப்பாட்டாமல் விட்டது?" என்பது. மனைவியின் மறுமொழி, "போட்டிட்டுப் போனது ஆர்?" என்பது. அரை மணி நேரத்தில் பேச்சு மோட்டரை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது. அவருடைய தாயாரும் இவருடைய சீதனமும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கலியாண வீடும் அதில் வந்து சேர்ந்தன. அடுத்த அறையில் விருந்தினர் உறங்குவதுபோலக் கிடந்தனர்.

மோட்டர் இரண்டு நாளில் திருத்தப்பட்டு வந்துவிட்டது. வீட்டில் பேச்சுத் திரும்பி வர ஐந்து நாட்களாயின. அந்த ஐந்து நாட்களும், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவிட்டை திறப்பை வாங்கிக்கொண்டு வா" என்று ஒன்பது வயது மகளே இரு நாடுகளுக்கிடையிலான தூதுவராகப் பணியாற்றினாள்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது அச்சிறுமி என்னிடம் வந்தாள். "பாதர், பாவசங்கீர்த்தனத்தில இதை நான்தானே சொல்லவேணும்? தொட்டியில தண்ணி இல்லை எண்டு அப்பாவிட்டைச் சொன்னது நான்" என்றாள்.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் பெரியவர் இருவரும் குற்றத்தை ஒருவர் மீது ஒருவர் தள்ளிக்கொண்டே இருந்தால், அது இறுதியில் எங்கே போய் விழும்? தள்ளிவிடத் தெரியாத சிறுபிள்ளையின் மடியில்தான் விழும். பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்கள் மறப்பதில்லை, அதற்குத் தாமே காரணம் என்று ஒரு கணக்கைத் தமக்குள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றிரவு அச்சிறுமியை எண்ணிக்கொண்டே லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். திருக்குடும்பத்தின் திருவிழாவில் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வாசிக்கப்படும் பகுதி அது. சூசையப்பரும் மரியன்னையும் பன்னிரண்டு வயது இயேசுவோடு பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்று திரும்புகையில், பிள்ளையைத் தவறவிட்டுவிடுகின்றனர். ஒரு நாள் முழுவதும் நடந்த பிறகே அது தெரியவருகிறது. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக நடந்ததால், பிள்ளை மற்றவரோடு வருவதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டனர் என்று பழைய விளக்கவுரைகளில் சொல்வதுண்டு. நற்செய்தியாளர் அவ்வாறு எழுதவில்லை. ஆனால், மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகச் சென்று, தவறிய பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுப் பதைத்த எவருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

ஒரு மோட்டர் எரிந்ததற்கே நம் வீடுகளில் இவ்வளவு நடக்கிறதே, அங்கே காணாமற் போனவர் யார் என்று சிந்தித்துப் பாருங்கள். வானதூதர் வந்து ஒப்படைத்த பிள்ளை! சூசையப்பரைப் பார்த்து, "உங்களை நம்பித்தானே விட்டேன்" என்று மரியா கூறியிருக்கலாம். "பெற்றவளுக்குத் தெரியவேண்டாமா?" என்று சூசையப்பர் கேட்டிருக்கலாம். லூக்கா அத்தகைய ஒரு சொல்லையும் நமக்குத் தரவில்லை. உறவினர், அறிமுகமானோர் நடுவில் தேடினர், திரும்பி எருசலேமுக்கே நடந்தனர், மூன்றாம் நாள் கோவிலில் கண்டனர் என்று மட்டும் எழுதுகிறார். எல்லா வினைச்சொற்களும் இருவருக்கும் பொதுவானவை. மகனைக் கண்டதும் தாய் முறையிடுகிறார். அவர் வருத்தத்தை மறைக்கவில்லை. அப்போதும் தான் தேடியதாக அவர் கூறவில்லை. தந்தையும் தானும் மிகுந்த கவலையோடு தேடியதாகக் கூறுகிறார். அதிலும் தந்தையை முன்னே வைத்து, தன்னைப் பின்னே வைத்துச் சொல்கிறார். குருமடத்தில் இப்பகுதியை நான் பலமுறை கற்றிருக்கிறேன். இயேசு யாருடைய மகன் என்ற இறையியலையே அப்போதெல்லாம் அதில் தேடினேன். அந்தத் தாயின் வாயிலிருந்து வந்த பன்மையை எனக்குக் காட்டித்தந்தது எரிந்துபோன ஒரு மோட்டரே.

இதற்கு நேர்மாறான வாக்கியம் தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. மனித குலத்தின் முதல் வீட்டில் நேர்ந்த முதல் தவறைப் பற்றி ஆண்டவர் வினவுகிறார். ஓர் அதிகாரத்துக்கு முன்னர்தான் அவளைத் தன் எலும்பும் சதையும் என்று கொண்டாடிய ஆதாம், இப்போது ஆண்டவர் தனக்குத் தந்த பெண்ணே கொடுத்தாள் என்கிறான். ஒரே மூச்சில் மனைவியையும் கடவுளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டான். நம் வீடுகளில் இது இன்றும் நடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் "என்ரை பிள்ளை"; கண்ணாடியை உடைத்துவிட்டால் "உம்மடை பிள்ளை".

மனைவி மக்கள் இல்லாத பாதருக்கு இவை எப்படித் தெரியும் என்று வாசகர் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் தாய் தந்தையர் இருந்தனரே. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மழையில், ஒற்றைச் சைக்கிளோடு நாங்களும் சன நெரிசலில் நடந்தோம். உடுபுடவைப் பை ஒன்று வழியில் விழுந்து போயிற்று. யார் கட்டிய பை அது, யார் பார்க்கத் தவறியது என்று அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அம்மா தன் சேலையை இரண்டாகக் கிழித்துப் பிள்ளைகளைப் போர்த்தினார். அவ்வளவுதான். அதே அப்பாவும் அம்மாவும், ஊர் திரும்பி வீட்டைத் திருத்திக் குடியேறிய பிறகு, வெயிலில் காயப்போட்ட புழுக்கொடியலை யார் எடுக்காமல் விட்டது என்பதற்காக ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேரிடரில் தாமாகவே "நாங்கள்" என்று சொல்லத் தெரிந்த எம் மக்களுக்கு, சிறிய இடர்களில் அச்சொல் வாயில் வருவதில்லை. போரையும் ஆழிப்பேரலையையும் முகாம் வாழ்வையும் கைகோத்துக் கடந்த தம்பதியர், அடுப்படியில் தோற்றுப்போகின்றனர். பெரிய துன்பத்தில் எதிரி வெளியே நிற்கிறான். சிறிய துன்பத்தில் பக்கத்தில் நிற்பவரைத் தவிர வேறு எவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் கருத்து இது. வீட்டில் ஒன்று பழுதானால், "யார் செய்தது?" என்ற கேள்வியை அன்றைய நாளுக்கு விலக்கி வையுங்கள். "இப்போது என்ன செய்வோம்?" என்பதே முதலில் கேட்கப்படட்டும். தண்ணீருக்கு வழி பாருங்கள், அயல் வீட்டுக் கிணற்றுக்கு வாளியோடு இருவரும் போங்கள், நுரையோடு நிற்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுங்கள். காரணத்தை ஆராய மறுநாள் காலையும் இருக்கிறது. பெரும்பாலும் காலையில் அதற்கு அவசியம் இருப்பதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டெம்பரில் பிலடெல்பியா நகரில் குடும்பங்களிடையே பேசுகையில், வீடுகளில் சில வேளை தட்டுகளும் பறக்கும் என்று சிரித்துக்கொண்டே கூறியதோடு, சமாதானம் செய்யாமல் நாளை முடிக்கவேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். அதே ஆண்டு சனவரியில் எங்கள் மடுத் திருப்பதிக்கும் வந்துசென்றவர் அவர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் எழுதுவது அடிப்பிடித்த சோற்றைப் பற்றியது. ஓங்கிய கையைப் பற்றியதன்று. மோட்டர் எரிந்ததற்காக மனைவியை அடிக்கும் வீட்டில், "நாங்கள்" என்று சொல்லிப் பொறுத்துக்கொள் என்று அவளுக்குப் புத்தி கூற எனக்கு உரிமையில்லை, வேறெந்தக் குருவுக்கும் இல்லை. நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உள்ளது. வன்முறை உள்ள இடத்தில் பிரிந்திருப்பது சில வேளை ஒழுக்கவியலின்படி அவசியமாகவும் ஆகலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் மடலில், 241 ஆம் பந்தியில், எழுதியுள்ளார். "பொறுத்துப் போ பிள்ளை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எம் பங்குகளில் உள்ளனர். அது எம்முடைய பாவம்.

எம் பாவம் வேறொன்றும் உண்டு. திருமண ஆயத்த வகுப்புகளில் அருட்சாதனத்தின் இறையியலையும் திருச்சபைச் சட்டத்தையும் கற்பிக்கிறோம், நல்லதே. ஆனால் அச்சிறுமியின் தந்தை அன்று மாலை வீட்டில் இல்லாததற்குக் காரணம் யார்? பங்குத்தந்தையாகிய நான். கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை, பத்து நாட்களும் அவரை நான் ஆலயத்திலேயே வைத்திருந்தேன். நவநாள் மறையுரைகளில் குடும்பச் செபத்தைப் பற்றி நான் உருக்கமாகப் பேசிய இரவுகளில், அக்குழுவினரின் வீடுகளில் செபமாலை சொல்லத் தந்தையர் எவரும் இருக்கவில்லை. கூட்டங்கள் இரவு பத்து மணி தாண்டியும் நீண்டன; அதில் பாதி நேரம் ஒலிபெருக்கி யாருடையது என்ற விவாதம்.

சிறுமி பேசிய மறுநாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்றேன். போதனை எதுவும் செய்யவில்லை. பிள்ளை என்னிடம் கேட்டதை அவளுடைய அனுமதியோடு அப்படியே இருவருக்கும் கூறினேன். தந்தை எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கோப்பி ஆறிப்போயிற்று. சற்று நேரத்தின் பின் கிணற்றடியிலிருந்து குரல் கேட்டது: "இஞ்சாரும், இதொருக்கா வந்து பிடியும்." அவர் தொட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஐந்து நாட்களின் பின் அவர் மனைவியோடு நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. அந்த மூடியைத் தூக்க இரண்டாவது ஆள் தேவையில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவ்வாண்டு மடுவில், கூடாரங்களுக்கிடையே அவர்களைச் சந்தித்தேன். வெளிநாட்டு உறவினரிடம் என்னை அறிமுகம் செய்துவைத்த மனைவி, "பாதர்தான் அண்டைக்கு வந்தவர், நாங்கள் மோட்டரை எரிச்ச நேரம்" என்றார். கணவர் மறுக்கவில்லை. உப்பை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த கூடாரத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் பணியாற்றும் பங்கில் திருவிழாக் கூட்டங்கள் இரவு ஏழரை மணிக்கு முடிகின்றன. குழுவில் உள்ள ஆண்கள் சிலருக்கு இதில் மனக்குறை உண்டு. அவர்களுடைய மனைவியர் எவரும் இதுவரை முறையிடவில்லை.