மட்டாஞ்சேரிக்கு வேண்டும் இரண்டாம் விருப்பம்

கேரளத்தில் 1957இல் சுமார் 35 விழுக்காடு வாக்குகளுடன் 126 இடங்களில் 60ஐ வென்று ஆட்சி அமைத்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, 1960இல் சுமார் 39 விழுக்காடு வாக்குகள் பெற்றும் 29 இடங்களில் ஒடுங்கியது; காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவை தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு எதிர்த்ததே காரணம். பாதி வாக்குகூடப் பெறாதவரும், மற்றவர்களை முந்திவிட்டால் போதும், வென்றவராகிவிடும் இம்முறையில் தனித்து நிற்பவருக்கு வாழ்வில்லை என்று கட்சிகள் அன்றே கண்டுகொண்டன. இன்று மாநிலத்தையே பாகம் பிரித்து வைத்திருக்கும் இரு முன்னணிகளுக்குக் கொள்கையைவிட இந்தக் கணக்கே வலுவான அடித்தளம்.

மட்டாஞ்சேரியை உள்ளடக்கிய கொச்சித் தொகுதியில் 2016இல் இடது முன்னணி வென்றது 1,086 வாக்குகளில். களத்தில் நின்ற காங்கிரஸ் அதிருப்தியாளர் பெற்றதோ அதைவிட அதிகம். யார் வென்றிருக்க வேண்டும் என்பதல்ல இங்கு கேள்வி. அந்த வாக்காளர்களின் அடுத்த தேர்வு யார் என்பதை அறிந்துகொள்ள வாக்குச்சீட்டில் இடமே இல்லை என்பதுதான் குறை. மூன்றாமவருக்குப் போடுவது வாக்கை வீணாக்குவது என்ற அச்சம் இப்படித்தான் மக்களை ஏதேனும் ஒரு முன்னணியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு மாற்று, வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விருப்பவரிசை வாக்களிப்பு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காதபோது கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். எதிரணியினரின் இரண்டாம் விருப்பமும் தேவைப்படும் வேட்பாளர், அவர்களைப் பகைவர்களாகப் பேசத் தயங்குவார். இது புதிதுமல்ல: மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள், தேர்தல் அலுவலர் தரும் ஊதா நிறப் பேனாவால் இப்படித்தான் எண்களை எழுதுகிறார்கள். தங்களுக்கு உகந்த முறை தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் ஏன் ஆகாது என்பதை அவர்கள்தாம் விளக்க வேண்டும்.

ஓரிடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வரை, வாக்கு விகிதத்துக்கு ஏற்ற இடங்களை இம்முறையும் தராது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சுமார் 12 விழுக்காடு பெற்றும் ஓரிடமும் வெல்லாத தேசிய ஜனநாயகக் கூட்டணியின் நிலை இதனால் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பட்டியல் முறை வேண்டும்; அது நெடிய வழக்கு.

சட்டமன்றத் தேர்தல் முறையை மாற்ற நாடாளுமன்றத்தின் தயவு வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கோ, அரசமைப்பின் 243இசட்ஏ பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கே அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, கொச்சி மாநகராட்சி வார்டுகளில் இதைத் தொடங்க வேண்டும். 2020இல் ஐலண்ட் நார்த் வார்டு ஒரே வாக்கில் முடிவான மாநகராட்சி இது. எண்ணி முடிக்கக் காலதாமதமாகும் என்பர், ஆகட்டும். இன்றைய சட்டத்தில் இடமில்லை என்பதும் தடையல்ல: இந்தியாவின் முதல் மின்னணு வாக்குப்பதிவு, கொச்சி அடங்கிய இதே எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூரில் 1982இல் நடந்தபோது அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பின்னர் சட்டம்தான் திருத்தப்பட்டது.