எங்கள் களம் மட்டும் ஏன் அகலவில்லை?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு நெடுநாளாக ஓர் ஐயம். மணக்குடிக் கடற்கரை மணலில் சிறுவரும் சிறுமியரும் ஒரே அளவில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுகின்றனர். கபடி விதிகளும் சிறார்க்குள் பேதம் பார்ப்பதில்லை. சப்-ஜூனியர் பிரிவில் இருபாலார்க்கும் ஆடுகளம் 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம்.

வளர்ந்ததும் விதி பிரிகிறது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்; பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், அதே 8 மீட்டர் அகலம். தம்பியின் களம் இரண்டு மீட்டர் அகலுகிறது. எங்களுடையதோ ஓர் அங்குலமும் அகலவில்லை!

சிறு பிள்ளைகளுக்குச் சிறிய களம் என்பது நியாயமே. ஆனால் வளர்ந்த பெண்ணுக்குமா? "பெண்களுக்கு வலு குறைவு" என்பாரை ஒன்று கேட்கிறோம். கைப்பந்து வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஆயினும் களம் இருவர்க்கும் ஒன்றுதானே? மாரத்தான் ஓட்டத்திலும் இருவர்க்கும் 42.195 கிலோமீட்டர்தானே?

எதிரே ஏழு பேர் நிற்க, குறுகிய களத்தில் பாடிச் செல்பவள் ஒதுங்கித் தப்ப இடம் ஏது? 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதே நம் நாட்டுப் பெண்கள் தங்கம் வென்றனர். திறமைக்குக் குறைவில்லை.

பெரியோர்களே, களத்தை அகலமாக்கித் தாருங்கள். மூச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!