கறை படிந்த பிரதியே மேல்

பழைய புத்தகம் சேர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பிரதி எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு விலை. தபால்தலைக்கு அது சரி. யூத ரபிகளின் சட்டநூல்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கட்சி.

அந்தச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு தல்மூது. அதை முதன்முதலில் முழுமையாக அச்சிட்டவர் யூதர் அல்ல. ஆன்ட்வெர்ப் நகரத்திலிருந்து வெனிஸுக்கு வந்த தானியேல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவர். 1523-இல் வேலையை முடித்தார். அவர் தாள்களுக்குப் போட்ட எண்ணைத்தான் உலகெங்கும் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். கோப்புகளுக்குப் பக்க எண் போட்டே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு இதன் அருமை தெரியும்.

நடுவில் மூலம், பக்கத்தில் ராஷியின் உரை. இந்த ராஷி, என்னைப்போல் பிரெஞ்சில் படித்த புதுச்சேரிக்காரர்களுக்குக் கொஞ்சம் சொந்தம் என்றே சொல்லலாம். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா ஊரில் வாழ்ந்தவர். கடினமான சொல் வந்தால், தம் காலத்துப் பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதி விளக்குவார். பழைய பிரெஞ்சை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு புதையல். கோல்வாக்களைப் பற்றி அவ்வளவு படித்தோமே, இதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை!

1553-இல் போப்பின் ஆட்சியில் ரோமில் தல்மூதுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அடுத்த மாதமே வெனிஸிலும் நெருப்பு. அச்சான ஊரிலேயே எரிந்தது. மிஞ்சியவை அரியவையானதற்கு நெருப்பும் ஒரு காரணம்.

பொம்பெர்க் பதிப்பின் ஒரு முழுத் தொகுதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பல காலம் இருந்தது. படிக்க ஆளில்லாததால் புதுசுபோல் கிடந்தது. வைர வியாபாரி ஜாக் லன்சர் 1956-இல் ஒரு கண்காட்சியில் பார்த்து, பல வருஷம் விடாமல் முயன்று, அந்தத் தேவாலயத்தின் பழைய சாசனப் பிரதி ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 2015-இல் அது 93 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. லன்சரின் விடாமுயற்சியை மெச்சுகிறேன். ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு, யாரும் தொடாமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி அல்லவா?

எனக்கு வேண்டியது வேறு. மெழுகு சொட்டிய தாள். ஓரத்தில் மாணவன் கிறுக்கிய சந்தேகம். ஒன்றன்கீழ் ஒன்றாக உடைமையாளர் பெயர்கள். பழைய பைண்டர்கள் சுத்தம் என்ற பெயரில் இவற்றைக் கழுவியும் ஓரத்தை வெட்டியும் நாசம் செய்ததுண்டு. வாங்குகிறவர்கள் அப்படிக் கேட்டதால்தானே செய்தார்கள்?

இத்தாலியில் தணிக்கையாளர்கள் பிடிக்காத வரிகளை மையால் அடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார்கள். அவர்களில் சிலர் மதம் மாறிய யூதர்கள்; படித்துப் புரிந்துதான் அடித்தார்கள். நாளாவட்டத்தில் அந்த மை பழுப்பேறி வெளுக்க, அடியில் இருந்த அச்செழுத்து பல இடங்களில் மறுபடி தெரிகிறது. அப்படியொரு பிரதி கைக்குக் கிடைத்தால், முதலில் கடைசித் தாளைத்தான் திருப்புவேன். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.