இரட்டை வன்தட்டு காப்புநகல் ஆகாது

ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் 'மிரரிங்' ஏற்பாட்டை வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டு, தம் ஆய்வுத் தரவு பாதுகாப்பாக இருப்பதாக நம்பும் ஆய்வாளர்கள் பலரை அறிவேன். நானும் அப்படி நம்பியவனே. களப்பணியில் பதிவுசெய்த நேர்காணல்கள் அடங்கிய கோப்புறை ஒன்றைத் தவறுதலாக அழித்த நாளில் அந்த நம்பிக்கை போயிற்று. இரு தட்டுகளிலும் அது ஒரே நொடியில் அழிந்தது. நேர்காணல் தந்த முதியவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை.

இதில் கருவியின் பிழை ஏதும் இல்லை. 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 'ரெய்டு' என்னும் கருத்தை முன்வைத்தபோது, விலைகுறைந்த பல தட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் பணி நிற்காமல் ஓடச் செய்வதும் ஒரு நோக்கமாக இருந்தது. அதில் முதல் நிலையான ரெய்டு 1 என்பதே மிரரிங். தட்டு பழுதாவதிலிருந்து அது காக்கும். நம் கைத்தவறு, ரேன்சம்வேர், மின்னழுத்த ஏற்றம், திருட்டு ஆகியவற்றிலிருந்து காக்காது. வங்கிச் சேவையகத்திற்கு இடையறாத இயக்கம் இன்றியமையாதது. ஆய்வாளரின் மேசைக் கணினி ஒரு நாள் நின்றால் எதுவும் குடிமுழுகிவிடாது.

'ஆய்வேட்டை எழுதி முடிக்கும் தறுவாயில் தட்டு பழுதானால்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிரரிங் இருந்தால் கடைசி வரி வரை தப்பும். தினமும் எடுக்கும் காப்புநகலில் ஒரு நாள் எழுத்து போகக்கூடும். ஆனால் ஒரு நாள் எழுத்தை மீண்டும் எழுதிவிடலாம். மறைந்தவரின் குரலை மீண்டும் பதிவு செய்ய முடியாது. ஆகவே, இரண்டு தட்டுகள் மட்டுமே வாங்க இயன்றவர்கள் அவற்றைப் பிரித்து, ஒன்றைக் காப்புநகலுக்கென ஒதுக்குவதே சரி என்பது என் கருத்து.

பிரிப்பதில்தான் பலர் தரவை இழக்கின்றனர். முதலில், முக்கியமான கோப்புகளை மூன்றாவது ஊடகம் ஒன்றில் நகலெடுத்து, அங்கிருந்து சிலவற்றைத் திறந்து பாருங்கள். அடுத்து, இரு தட்டுகளும் உண்மையிலேயே ஒத்திசைவில் உள்ளனவா என்று சரிபாருங்கள். ஒரு தட்டு மாதக்கணக்கில் முன்பே விலகிப்போயிருந்தாலும் கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டில் இருப்பது பழைய தரவே. தட்டுகளின் மேலுள்ள வரிசை எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கணினி அவற்றுக்கு இடும் பெயர்கள் மாறக்கூடியவை.

பிறகு, மிரரிங்கை உருவாக்கியது எது என்று அறிய வேண்டும். விண்டோஸ் உருவாக்கியிருந்தால் 'பிரேக் மிரர்டு வால்யூம்', 'ரிமூவ் மிரர்' என்று இரண்டு கட்டளைகள் தோன்றும். முன்னது இரு தட்டுகளிலும் தரவை விட்டுவைத்துத் தனித்தனியாக்கும். பின்னது தேர்ந்தெடுத்த தட்டிலுள்ள நகலை நீக்கி, அவ்விடத்தை ஒதுக்கப்படாத வெற்றிடமாக்கிவிடும். பொருள் ஒன்றுபோல் தோன்றினும் விளைவு வேறு.

லினக்ஸில் எம்டிஏடிஎம் வழி அமைத்திருந்தால், மிரரிங் பற்றிய குறிப்பு தட்டில் எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். 1.0 வடிவத்தில் அது இறுதியில் இருப்பதால் தட்டைத் தனியாகவே படிக்கலாம். இன்று இயல்பாக அமையும் 1.2 வடிவத்தில் அது தொடக்கத்திற்கு 4 கிலோபைட் அருகில் அமைய, தரவு அதற்கும் அப்பால் தொடங்குகிறது. அத்தட்டைத் தனியே இணைத்தால் வெற்றுத் தட்டுபோலத் தோன்றி அச்சுறுத்தும். அப்போது 'ஃபார்மட்' செய்துவிடாதீர்கள். ஒரே தட்டு கொண்ட ரெய்டாக அதை இயக்கினால் தரவு தெரியும்.

தாய்ப்பலகையின் பயாஸ் வழி அமைத்திருப்பவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரெய்டை நீக்கும் பட்டியல், தரவு அழியக்கூடும் என்றே எச்சரிக்கும். ரெய்டு நிலையிலிருந்து ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றினால் விண்டோஸ் தொடங்காமலும் போகலாம். அங்கே முழு நகலை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நல்லது.

எந்த முறையாயினும், கணினியை அணைத்து ஒரு தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதைக் கொண்டு இயக்கிப் பாருங்கள். எல்லாம் சரியென்று உறுதியாகும்வரை கழற்றியதைத் தொடாதீர்கள். இரண்டிலும் தனித்தனியே எழுதியபின் மீண்டும் இணைத்தால், ஒன்றின் தரவு மற்றதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

2009ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளுக்குப் பிறகு நம் ஆய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்காவில் சேர்கின்றன. அவற்றுக்கு அடிப்படையான ஒலிப்பதிவுகளும் ஒளிப்படங்களும் களக்குறிப்புகளும் பெரும்பாலும் நம் வீட்டு மேசையிலேயே தங்கிவிடுகின்றன. ஆய்வு முறையியல் வகுப்புகளில் மேற்கோள் விதிகளுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது தரவுக் காப்புக்கு ஒதுக்க வேண்டும். அதுவரை, கழற்றிய தட்டை வாரம் ஒருமுறை இணைத்து நகலெடுங்கள். மீண்டும் கழற்றி வேறு வீட்டிலோ துறை அலமாரியிலோ வையுங்கள். நமக்காக நேரம் ஒதுக்கிப் பேசியவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.