எந்த ஊர்க் கல்யாணம்ங்க இது?

ஒரு காதல் நாவல் கைக்கு வந்தது. அட்டையில் தாமிரபரணி, கோபுரம், தாவணி போட்ட பொண்ணு. நெல்லையில் நடக்கிற கல்யாணம்தான் கதைன்னு பின்னட்டையில் போட்டிருக்கு. விடுவேனா? ஆசையா உட்கார்ந்தேன். ரெண்டாவது அத்தியாயத்திலேயே சங்கீத், மெஹந்தி, ஹல்தி. குடும்பமே மஞ்சள் டிரெஸ்ஸில் ஆடுது. ஏங்க, இது எந்த ஊர்க் கல்யாணம்? திருநெல்வேலியை அடிச்சுட்டு ஜெய்ப்பூர்னு எழுதினாலும் ஒரு வரி மாறாதே!

கல்யாண வீட்டில் காதல் கதை வைக்கிறது தப்புன்னு நான் சொல்லலை. அதைவிட நல்ல களம் கிடையவே கிடையாது. 'அலைபாயுதே'யில் கார்த்திக் சக்தியை முதல்ல பார்க்கிறது ஒரு கல்யாணத்தில்தான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில், அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடக்கிற கல்யாணச் சந்தடியிலேயே தம்பியும் தங்கையும் மனசைப் பறிகொடுப்பாங்க. சும்மாவா ஓடுச்சு அந்தப் படம்? மத்த நாளில் வயசுப் பையனும் பொண்ணும் நின்னு ரெண்டு வார்த்தை பேசினா தெரு பேசும். கல்யாண வீட்டில் ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. "ஏட்டி, இந்த இலைக்கட்டைக் கொண்டுபோய் அந்தத் தம்பிகிட்ட குடு"ன்னு ஆச்சியே அனுப்புவா. சுத்தி இருநூறு கண்ணு. ஒரு பார்வையைக்கூட அளந்துதான் செலவு பண்ணணும். காதல் கதைக்கு வேற என்ன வேணும்?

அதிலும் நம்ம பக்கத்து மறுவீட்டுச் சொதி! தேங்காய் தேங்காயா உடைச்சு, துருவி, முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியா எடுத்து வைக்கணும். உரிச்சு உடைச்சுக் குடுக்கிறது இளவட்டம். துருவுறது பொண்டுக. தவசுப்பிள்ளை ரெண்டு பக்கமும் அதட்டிக்கிட்டே இருப்பார். பாசிப்பருப்பும் காயும் பின்பாலில் வெந்த பிறகு கெட்டியான முதல் பாலை ஊத்தணும். ஊத்தினதும் கொதிக்க விடக்கூடாது, திரிஞ்சுபோகும். அந்த நேரம் அடுப்புப் பக்கத்தை விட்டு ஒருத்தரும் நகர முடியாது. எலுமிச்சம்பழம் பிழியுறது இறக்கின பிறகுதான். தேங்காய்ப்பால் செமிக்கணும்னு இஞ்சிப் பச்சடி தனியா. பக்கத்துப் பக்கத்தில் நிக்கிற ரெண்டு பேர் பேசாமலே ஒரு முழு அத்தியாயம் ஓட்டலாம் இதில். சொல்லாத காதலை வண்ணதாசன் 'தனுமை'ங்கிற கதையா எழுதின ஊருங்க இது! இந்த அடுப்படி அந்த நாவலாசிரியர் கண்ணில் படவே இல்லை.

பத்தமடைக் கல்யாணப் பாயும் படலை. ஆத்தங்கரைக் கோரையை ஊறப்போட்டு, மெலிசாக் கீறி, 100 இழைக்கு மேல் பாவு ஓட்டி, மாப்பிள்ளை பேரையும் பொண்ணு பேரையும் சேர்த்தே நெய்வாங்க. பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். முகமே பார்க்காத ரெண்டு பேரோட பேரை நாள்கணக்கா விரலால் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு ஒரு கதை இருக்காதா? நாவலில் ஹீரோவோட கார் மாடலுக்கு மட்டும் ஒரு பாரா.

சரி, நாவலை மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய? நிஜக் கல்யாணமே அப்படித்தானே ஆகிப்போச்சு. போன வாரம் ஒரு ரிசப்ஷன். பக்கத்துச் சேரில் பெரியப்பா மகன். எத்தனையோ நாள் கழிச்சுப் பார்க்கிறோம். ஸ்பீக்கர் அலறுன அலறலில் "நல்லா இருக்கியா"ங்கிறதை அவன் உதட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். காருகுறிச்சி அருணாசலம் வாசிச்ச சீமையில், நாகஸ்வரம் முகூர்த்தத்தோட முடிஞ்சிருது. சமையல் கான்ட்ராக்ட், பரிமாற யூனிஃபார்ம் பையன்கள், பன்னீர் தெளிக்கக்கூட வாடகைக்குப் பொண்ணுக. வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இல்லை, வரிசையா உட்கார்ந்து செல்லைத் தேய்க்குது. மேடையில் ஏறினா போட்டோகிராபர் நம்மளைத் தள்ளி நிறுத்துறார். பந்தியில் ரசம் ஊத்துறதுக்குள்ள நம்ம சேரைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் முதுகுக்குப் பின்னால நிக்கிறார். இதில் யார் யாரைப் பார்த்து மனசு உருக?

இதெல்லாம்கூட காலம் மாறுதுன்னு விட்டுரலாம். என்னை உண்மையிலேயே குத்தினது அந்த நாவலோட கடைசி அத்தியாயம். யாரோ எவரோன்னு நினைச்சுக் காதலிச்ச பையன், பார்த்தா அத்தை மகனாம்! உடனே எல்லாருக்கும் சந்தோஷம். இந்த ஒரு நாவலில் மட்டுமா? எத்தனை கதையில் படிச்சாச்சு! கல்யாண மண்டபம் எழுதுறவங்களுக்கு இவ்வளவு வசதியா இருக்கிறதுக்குக் காரணமே இதுதான். பத்திரிகை வைக்கும்போதே சாதி சலிச்சு எடுத்தாச்சு. அங்கே வந்திருக்கிற யாரைக் காதலிச்சாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. சாதிங்கிற வார்த்தையையே எழுதாம முந்நூறு பக்கம் ஓட்டிரலாம். பேரை நெய்த பத்தமடைக்காரிக்குப் பத்திரிகை போகாது.

இதே திருநெல்வேலியில் 2024 ஜூனில் என்ன நடந்துச்சு? சாதி மாறிக் காதலிச்ச ரெண்டு பேர் மார்க்சிஸ்ட் கட்சி ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பெண் வீட்டுச் சொந்தங்கள் புகுந்து கண்ணாடியையெல்லாம் உடைச்சாங்க. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரை வெட்டிக் கொன்னாங்க. பட்டியல் சாதிப் பையன். காதலிச்ச பொண்ணோட தம்பி கைதானான். 27 வயசுங்க அந்தப் பையனுக்கு! அவன் கல்யாணத்துக்கு யார் தேங்காய் துருவியிருப்பாங்க, யார் கேலி பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சா எனக்குச் சோறு இறங்கலை. காதல் கதை எழுதுறவங்களுக்கு இந்த ஊர் வேணும், ஆறு வேணும், கோபுரம் வேணும். இந்த ஊரில் காதலிச்சா என்ன ஆகும்ங்கிறது மட்டும் வேண்டாமா?

துக்கக் கதையா எழுதச் சொல்லலை. காதல் கதையாவே எழுதுங்க. அந்தக் கட்சி ஆபீஸ் கல்யாணத்தை எழுதுங்க. நாற்காலியை ஒதுக்கி இடம் பண்ணினது யார்? மாலையை எடுத்துக் குடுத்தது யார்? "மயினி"ன்னு கூப்பிட்டுக் கேலி பேச அங்கே ஒரு கொழுந்தியாளாவது வந்தாளா? சாப்பாடு எந்தக் கடையிலிருந்து வந்துச்சு? பொண்ணைப் பெத்தவ அந்த நேரத்தில் வீட்டில் என்ன செஞ்சுக்கிட்டிருந்தா? இதில் ஒண்ணுக்காவது பதில் இருக்கிற ஒரு நாவலைக் காட்டுங்க, காசு குடுத்து வாங்கி நாலு பேருக்கு நானே குடுக்கிறேன்.